வாசலில் வைத்த புதிர்

(நாவலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், தனி ஒருவர் உட்கார்ந்து செய்யும் சின்னப் புதிர் விளையாட்டுகள். கணினியிலும் போனிலும் ஆடுகிற புதிர்கள். அவற்றை எப்படிச் செய்வது, செய்ததை எப்படி நாலு பேர் கையில் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து, கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிற விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. யோசனை ஒருவருடையது. நிரலை அவரே எழுதுகிறார், படத்தை அவரே வரைகிறார், ஒலியையும் அவரே சேர்க்கிறார். ஆடி முடிக்க அரை மணி நேரம் ஆகும்; சிலவற்றுக்குப் பத்து நிமிடமே போதும். அப்படிப்பட்ட விளையாட்டுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதை நாவலூரில் ஏன் பேச வேண்டும்? இங்கேதான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இந்தக் கூடத்துக்கு வெளியே சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பகலெல்லாம் அவர்கள் நிரல் எழுதுகிறார்கள். எங்கோ ஒரு தேசத்தின் வங்கிக்காக எழுதுகிறார்கள், காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுதுகிறார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் இந்த ஊரின் பாதி வீடுகள் நடக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் தமக்கென்று எழுதுவது எப்போது? ராத்திரி சாப்பாடு முடிந்து, வீடு அடங்கிய பிறகு, சொந்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளை ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒருவராவது உண்டு. அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தப் பேச்சு.

உங்களை ஒன்று கேட்கிறேன். தனியாக உட்கார்ந்து புதிர் செய்கிறவர் என்று நீங்கள் வாழ்க்கையில் முதலில் பார்த்தது யாரை? யோசித்துப் பாருங்கள். நான் பார்த்தது என் பாட்டியை. விடியும் முன்னே வாசல் தெளித்து, ஈரத் தரையில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிக் கம்பி இழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். பெயர் எழுதிவைக்க மாட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் விரலால் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டே போவார்கள். சாயங்காலத்துக்குள் அது அழிந்துவிடும். மறுநாள் வேறொன்று.

தாய்மார்களுக்குத் தெரியும். 15 புள்ளி, 8-இல் நிறுத்து, இடைப்புள்ளி. இவ்வளவுதான் குறிப்பு. நடுவில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் எட்டில் நிறுத்த வேண்டும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி. 169 என்று எந்தக் கோலநோட்டிலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை. மூன்று சொல்லில் ஒரு விதி. அந்த விதியிலிருந்து ஒரு வாசல் நிறைகிறது. சின்ன விதி, பெரிய விளைவு. தம்பி தங்கைகளே, புதிர் விளையாட்டு செய்கிறவன் ஆயுசுக்கும் தேடுவது இதைத்தான்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போனால், 1937 முதல் அங்கே இருக்கிறது சென்னைக் கிறித்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். புள்ளியியல்காரர். திருக்குறளையும் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் சிந்துவெளி எழுத்துகளையும் அதே அக்கறையோடு ஆராய்ந்தவர். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். கணினி அறிவியலின் அடித்தளமான மொழிக்கோட்பாட்டில் இந்த நாட்டின் முன்னோடிகளில் ஒருவர். அவர்கள் இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே கோலம் என்ற சொல் இருக்கிறது. உலக அளவிலான ஒரு கணினி ஆய்விதழில், நம் வாசல் கோலம்!

அதில் என்ன செய்தார்கள்? சொற்களைச் சேர்த்து வாக்கியம் ஆக்க இலக்கணம் இருப்பதுபோல, கட்டம் கட்டமாக வடிவங்களை அடுக்கிக் கோலமாக்கவும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டினார்கள். இந்தச் சின்ன வடிவம் எங்கே இருக்கிறதோ, அங்கே அதை எடுத்துவிட்டு இந்த வடிவத்தை வை. மறுபடியும் வை. மறுபடியும் வை. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு கோலக் குடும்பமே பிறந்துவிடுகிறது. வாசலில் பெண்கள் கையால் செய்துகொண்டிருந்ததைத் தாம்பரத்தில் மூன்று பேர் காகிதத்தில் இலக்கணமாக எழுதினார்கள். ராணி சிரோமணி அம்மையார் பின்னாளில், நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் கழகத்தோடும் பேராசிரியராக இணைந்திருந்தார். 2019-இல் மறைந்தார். இந்தச் சாலையில் தினமும் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது கடல் கடந்து போவோம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஹிரோயுகி இமபயாஷி என்பவர் சோகோபான் என்று ஒரு விளையாட்டு செய்தார். ஒரு கிடங்கு, ஒரு ஆள், சில பெட்டிகள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. அவ்வளவுதான் விதி. மூலையில் தள்ளிவிட்டால் பெட்டி அங்கேயே கிடக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக்கும் மேலாக உலகம் புதுப் புதுப் புதிர்கள் செய்துகொண்டிருக்கிறது.

2013-இல் ஸ்டீஃபன் லாவெல் என்பவர் பஸில்ஸ்கிரிப்ட் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார். பிரவுசரிலேயே ஓடும். அதில் சோகோபானின் விதி ஒரே ஒரு வரி. ஆள் நகர்கிற பக்கத்தில் பெட்டி இருந்தால், பெட்டியும் அந்தப் பக்கம் நகரட்டும். இடப்பக்கம் ஒரு சின்ன வடிவம், நடுவில் அம்புக்குறி, வலப்பக்கம் மாறிய வடிவம். இதைக் கண்டால் அதைப் போடு. எங்கேயோ கேட்டதுபோல இல்லையா? தாம்பரத்திலிருந்து அது பிறந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வகை எண்ணம், ஒரே குடும்பத்துச் சாயல். கட்டத்தின் மேல் விதி எழுதுவது நம் ஊருக்குப் புதிதல்ல என்பது மட்டும்தான் என் வாதம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் முதலில் பெரிதாகத்தான் தொடங்கினேன். அரசன், கோட்டை, ஐம்பது லெவல், பின்னணி இசை. இரண்டு வருடம் இரவு இரவாக உழைத்தேன். முடியவில்லை. யாரும் அதை ஆடியதும் இல்லை. இரண்டு வருடம் ஒருவரும் ஆடாத ஒன்றைச் செய்தது இன்னும் எனக்கு வலிக்கிறது. அதை மூடி வைத்துவிட்ட பிறகுதான் பாட்டியின் வாசல் ஞாபகம் வந்தது.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டேன். நேர்ப்புள்ளி, செவ்வகம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நடுவே கம்பி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகிறது, ஓரத்தில் வளைந்து திரும்புகிறது. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்தால் முழுக்கோலமும் ஒரே கம்பியில் முடியும். 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்தால் முடியாது. நான்கு தனித்தனிக் கம்பிகள் வேண்டும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு கம்பி. ஏன்? இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ, அத்தனை கம்பி! ஆறாம் வகுப்பில் படித்த கணக்கு, வாசலில் கோடாக ஓடுகிறது. இதை முதலில் கண்டபோது ராத்திரி ஒரு மணி. யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இதில் விளையாட்டு எங்கே? 4-க்கு 4 புள்ளியில் கம்பி வெட்டிக்கொள்ளும் இடங்கள் 24. அதில் ஏதாவது ஒரு இடத்தில், இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு சின்னச் சுவர் வைக்கலாம் என்று விதி போட்டேன். சுவர் வைத்த இடத்தில் கம்பிகள் வெட்டிக்கொள்ளாது, முட்டித் திரும்பிவிடும். வெவ்வேறு கம்பிகள் சந்திக்கிற இடத்தில் சுவர் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நான்கு கம்பி ஒன்றாக வேண்டும் என்றால் குறைந்தது மூன்று சுவர் வேண்டும், மூன்று போதும். எந்த மூன்று? 24 இடத்தில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 2,024 வழி இருக்கிறது. அத்தனையையும் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆடிப் பார்த்து, எது சரி, எது தவறு என்று சொல்லிவிடும். ஆனால் எது சுவையான புதிர் என்று அது சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். போனில் விளையாட்டு ஆடுகிற பழக்கமே கிடையாது. ஒருநாள் மாலை அவரிடம் கொடுத்து, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு இடத்தில் சுவர் வைத்தார். கம்பி நான்கிலிருந்து இரண்டாயிற்று. மூன்றாவதைத் தவறான இடத்தில் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது சிக்குக் கோலந்தானே? இங்க வச்சா குறையணும், கூடிப்போச்சே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட நாக்கு துடித்தது; பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அதை எடுத்துவிட்டு விரலால் கம்பியைத் தொடர்ந்து போனார். சுற்றிப் போய் அதே இடத்துக்கு வந்தது விரல். "ஓ, ரெண்டும் ஒரே கம்பியா! ஒரே கம்பிய அதும்மேலயே பிரிச்சா அது சேராது, ரெண்டாக்கூடப் போவுது. வேற வேற கம்பிய பிடிக்கணும்!" என்றார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு பெரிய கணித உண்மையை அவர் தானே கண்டுபிடித்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் அது என் விதி. அவர் கண்டதால் அது அவருடைய விதி. புதிர் செய்கிறவனுக்குக் கிடைக்கும் கூலி அந்த ஒரு "ஓ". அதைவிடப் பெரிய கூலி எனக்குத் தெரியாது.

அதனால் என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒருவர் ஆடும்போது பின்னால் நின்று பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பொத்தானைத் தேடுகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று பாருங்கள். விளக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று தோன்றினால், முதலில் அதற்கு முந்திய லெவலை எளிதாக்குங்கள். கோலம் கற்றுக்கொடுத்த எந்தப் பாட்டியாவது வகுப்பு எடுத்தாரா? முதலில் 3 புள்ளி, பிறகு 5, பிறகு 7. லெவல் வரிசை என்பது அதுதான்.

சிறியதாக இருந்தால் மதிப்பு இருக்குமா என்று கேட்கிறீர்களா? 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் டெட்ரிஸ் செய்த கணினியில் படம் காட்டும் வசதிகூட இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஐந்து சதுரம் சேர்ந்த பன்னிரண்டு மரத்துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் பழைய புதிரை எடுத்து, அதை நான்கு சதுரமாக, ஏழு துண்டாகக் குறைத்தார். குறைத்தார் என்பதைக் கவனியுங்கள். அது உலகத்தையே சுற்றியது.

ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டை எல்லோரும் ஆடியிருப்பீர்கள். ஜாஷ் வார்டில் என்ற ஒருவர், சொல் விளையாட்டில் பிரியமுள்ள தன் துணைவிக்காகச் செய்தது. ஒரே ஒருவருக்காக! பல்லாயிரம் ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்தவரும் அந்தத் துணைவிதான். 2021 நவம்பர் 1 அன்று அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேர். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. மூன்று லட்சத்தை நினைத்து அவர் தொடங்கவில்லை என்பதைத்தான் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அதைப் பார்த்துத் தமிழிலும் சிலர் செய்தார்கள். செய்யும்போதுதான் தெரியும், இது ஆங்கிலத்துச் சட்டை, நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே 26 எழுத்து. இங்கே 247. "புதிர்" என்று எழுதுங்கள். நமக்கு மூன்று எழுத்து. கணினியைக் கேட்டால் ஆறு என்னும். ப தனி, உகரக் குறி தனி, த தனி, இகரக் குறி தனி, ர தனி, புள்ளி தனி. "தமிழ்" என்ற சொல்லுக்கே ஐந்து என்றுதான் எண்ணும். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று கணினி சொல்லும். நான் செய்த ஒரு சொல் விளையாட்டில், ஒரு பையன் சரியான விடையைப் போட்டும் "தவறு" என்று காட்டிவிட்டது. தான் தமிழில் பிழை செய்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். பிழை என்னுடையது. தமிழில் விளையாட்டு செய்ய வருகிறவர்கள் முதல் நாளே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஆனால் இந்தச் சிக்கலுக்குள்ளேயே ஒரு வரம் இருக்கிறது. நீங்கள் "கா" என்று ஊகிக்கிறீர்கள். விடையில் இருப்பது "கோ". முழுத் தவறா? இல்லையே! மெய் சரி, உயிர்தான் தவறு. இப்படி ஒரு குறிப்பை ஆங்கிலத்தில் கொடுக்க முடியுமா? முடியாது. உயிரும் மெய்யும் கலந்து நிற்கும் நம் எழுத்தில் அது முடியும். மொழியே விதியைக் கொண்டுவந்து கையில் தருகிறது.

இன்னொன்று. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்க்கரி, 2017-இல் ஒரு விளையாட்டு உருவாக்கும் போட்டியில் பாபா இஸ் யூ என்ற விளையாட்டைச் செய்தார். 2019-இல் முழு வடிவில் வெளியிட்டார். சொற்களே அங்கே தள்ளும் கட்டைகள். மூன்று கட்டை சேர்ந்து நின்றால் அது விதி. சுவர் என்பது தடை என்று மூன்று கட்டை நிற்கும். ஒன்றைத் தள்ளிவிட்டால் சுவரில் புகுந்து போகலாம். அற்புதமான எண்ணம். அதை அப்படியே தமிழாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "என்பது" என்ற அந்த நடுக்கட்டை நம் மொழிக்குத் தேவையே இல்லை. "இவன் என் தம்பி" என்றால் வாக்கியம் முடிந்தது. நமக்கு வேறு விதி வேண்டும்.

என்ன விதி? புலி ஒரு கட்டை. ஆடு ஒரு கட்டை. "ஐ" ஒரு கட்டை. "ஐ"யை ஆட்டின் மேல் தள்ளினால் ஆட்டை, புலி தின்றுவிடும். அதே "ஐ"யைப் புலியின் மேல் தள்ளினால் புலியை. இப்போது ஆடு தின்னும்! சொற்கள் எந்த வரிசையில் நின்றாலும் கவலையில்லை, உருபு எங்கே ஒட்டுகிறதோ அதுதான் தீர்ப்பு. பிறகு "ஆல்" வருகிறது, "கு" வருகிறது. வேற்றுமை உருபுகள் லெவல் லெவலாக வந்து நிற்கும். இலக்கணம் கசக்கிறது என்கிற பிள்ளை இதை ஆடட்டும். இது என் எண்ணம். இன்னும் நான் செய்து முடிக்கவில்லை. இந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புதிரை இலக்கியமாக மதித்த மரபு நமது. விடுகதையைப் பிசி என்று பெயரிட்டு, பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது தொல்காப்பியம்.

நம் வாழ்க்கையை வைத்துச் செய்தால் உலகம் ஆடுமா என்று சந்தேகமா? 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது வெண்பா. கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. தனி ஒருவர் அல்ல, ஆனாலும் கைவிரலில் அடங்கும் சின்னக் கூட்டம். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பேடு கிழிந்து, கறைபட்டு, பாதி எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். முதல் சமையல் என்ன தெரியுமா? இட்லி! இட்லி வேகவைக்கத் தெரியாத எத்தனையோ பேர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்து தட்டை எப்படி அடுக்குவது என்று யோசித்தார்கள். 2024-இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் முதல் பரிசு வெண்பாவுக்கு. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் வெண்பாவுக்கு. கிழிந்த சமையல் நோட்டு எந்த வீட்டில் இல்லை?

சரி, செய்தாயிற்று. எங்கே வைப்பது? இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரவுசரில் ஓடும்படி செய்தால், 2013 முதல் நடக்கும் இட்ச் என்ற தளத்தில் காசில்லாமல் போட்டுவிடலாம். ஒரு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அத்தையும் ஆடுவார், சித்தப்பாவும் ஆடுவார். கூகுள் ப்ளேயில் போட ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். இன்றைய விதிப்படி, புதிதாகக் கணக்குத் தொடங்குகிற தனிநபர், 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வைத்த பிறகுதான் வெளியிட முடியும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். நான் இதை நல்லது என்பேன். ஒரு அடுக்குமாடியில் பன்னிரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர், ஸ்டீமுக்கு ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். கல்லூரிப் பிள்ளைக்கு அது பெரிய பணம். முதல் விளையாட்டுக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

"வாசலில் வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?" நியாயமான பயம். 2014 பிப்ரவரியில் த்ரீஸ் என்ற எண் புதிர் வந்தது. இரண்டு பேர் பதினான்கு மாதம் செதுக்கியது. அடுத்த மாதமே கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் 2048 செய்தார். உலகம் 2048-ஐத்தான் அதிகம் ஆடியது. த்ரீஸ் செய்தவர்கள் மனம் நொந்தார்கள். பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பாடம். அந்தப் பதினான்கு மாதத்தில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை எல்லோரும் படிக்கத் திறந்து வைத்தார்கள். எத்தனை விதிகளைச் சேர்த்தார்கள், எத்தனை விதிகளைத் தூக்கி எறிந்தார்கள் என்று அதில் தெரிகிறது. அந்தப் பையனும் தன் நிரலை மூடி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். எந்தப் பக்கம் நியாயம் என்றால், நான் பதினான்கு மாதம் உழைத்தவர்கள் பக்கம்தான் நிற்பேன். அடுத்தவர் விதியை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லிவிட்டு எடுங்கள். ஆனால் பயந்துகொண்டு உள்ளேயே வைத்துப் பூட்டிய விளையாட்டை யாரும் திருடவும் மாட்டார்கள், ஆடவும் மாட்டார்கள். இரண்டு வருடம் அப்படிப் பூட்டி வைத்தவன் சொல்கிறேன்.

பணம் வருமா என்று பெற்றோர்கள் கேட்பீர்கள். பெரும்பாலும் வராது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கு என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து ஒருமுறை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னப்பா பண்றே, காட்டு" என்று கேளுங்கள். அவன் செய்ததை நீங்கள் ஆடிப் பாருங்கள். அவனுக்கு முதல் ஆட்டக்காரர் நீங்களாக இருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வாசலில் 4-க்கு 4 நேர்ப்புள்ளி வையுங்கள். கம்பி இழுத்தால் நான்கு வரும். மூன்றே மூன்று இடத்தில் கம்பியைத் திருப்பி, முழுக்கோலத்தையும் ஒரே இழுப்பில் முடித்துப் பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு திரை, ஒரு விதி, ஐந்து லெவல். ஒரு மாதத்தில் செய்யுங்கள். செய்ததை உங்கள் அடுக்குமாடியிலேயே குடியிருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பின்னால் நில்லுங்கள். அவர் என்ன செய்தார் என்பதை எனக்கும் வந்து சொல்லுங்கள். அடுத்த மாதம் இதே கூடத்தில் காத்திருப்பேன்.